ஆதிலட்சுமி கற்ற இந்தி

இந்தி ஒன்றும் கஷ்டமான பாஷை இல்லை, சார். ராணுவத்தில் லாரி ஓட்டிய பன்னிரண்டு வருஷத்தில் எனக்குத் தானாகவே வந்துவிட்டது. பாரக்கில் மற்றவர்களுக்கு மனைவிமாரிடமிருந்து கடிதம் வரும். சத்தமாக வாசித்துக் காட்டுவார்கள். "மே தும்சே பியார் கர்த்தி ஹூம்" என்று முடியும். உன்னை நேசிக்கிறேன் என்று அர்த்தம். எனக்கு யாரும் அப்படி எழுதியதில்லை.

எழுபத்து நான்கில் ஓய்வுபெற்று, அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதையோரம் சோடாக்கடை போட்டேன். கீழ்பென்னாத்தூரில் பெண் எடுத்தேன். ஆதிலட்சுமி. கல்யாணமான வாரமே அந்த வரியைச் சொல்லிக்கொடுத்தேன்.

"இன்னாங்க இது, இந்தில சொன்னாத்தான் சோறு வேகுமா?" என்று சிரித்தாள்.

சிரித்ததற்காக அடிக்கவில்லை. பிழையாகச் சொன்னதற்குத்தான். பிழைக்கு ஒன்று, பெல்ட்டால். இரண்டு மாதத்தில் உச்சரிப்பு திருந்தியது. குரல் திருந்தவில்லை. ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்வதுபோலச் சொல்வாள். அதற்கும் அடித்தேன். ஐந்து வருஷம், தினமும் காலையில், கடை திறக்குமுன். பெல்ட்டின் பக்கிள் பட்டு அவள் இடது கையில் இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. அவள் அண்ணன் சகாதேவன் கேட்டபோது, சோடா பாட்டில் வெடித்தது என்றாள். அவளாகச் சொன்னாள். நான் சொல்லச் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை மத்தியானம், மலையடி ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வடநாட்டுக் குடும்பம் சோடா குடிக்க நின்றது. அவர்களுடைய கைக்குழந்தையை ஆதிலட்சுமி வாங்கிக்கொண்டாள். கன்னத்தோடு கன்னம் வைத்து அந்த வரியைச் சொன்னாள். குரல் குழைந்திருந்தது. ஐந்து வருஷமாக நான் அவளிடம் எதிர்பார்த்த குரல் அதுதான்.

அவர்கள் போனதும் கடைக் கதவைச் சாத்தினேன். அதேபோல என்னிடம் சொல்லச் சொன்னேன்.

"கொழந்தையப் பாத்ததும் தானா வந்துச்சுங்க. உங்களப் பாத்தா வரல. இன்னும் எத்தினி அடிச்சாலும் வராது. நான் அண்ணன் ஊட்டுக்குப் போறேன்."

பெல்ட்டை அவள் கழுத்தில் போட்டு இறுக்கினேன். சொல்வதற்காகத் தளர்த்தினேன். முதல் தடவை பாதிதான் வந்தது. இரண்டாவது தடவை அழுகை கலந்திருந்தது. மூன்றாவது தடவை மெதுவாக, குழந்தையிடம் சொன்ன அதே குரலில் சொன்னாள். அதற்குப் பிறகு நான் தளர்த்தவில்லை. அதன்மேல் அவள் வேறு எதையும் சொல்லிவிடக் கூடாது.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் கடைசியாகச் சொன்னதையும் எழுதுங்கள், சார். அது அவளாகச் சொன்னது.