உள்ளான்கள் தூங்கும் நேரம்

காலை வெயிலில் கடலோரச் சேற்றைப் பார்த்திருக்கிறீர்களா, ஐயா? அப்போதுதான் சிமெண்ட் பூசிய தரை மாதிரி கெட்டியாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அதை நம்பிவிடுவார்கள்.

என் தங்கையின் கணவரும் நம்பினார். அருமையான மனிதர். பறவைகளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, ஆனாலும் நான் பறவை பார்க்கப் போகும்போது பேச்சுத் துணைக்கு என்னோடு வருவார். "மச்சான், உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகாததுக்கு இந்தக் கொக்குங்கதானே காரணம்?" என்பார்.

"கொக்கு இல்ல மாப்பிள்ளை, உள்ளான்."

"ஏதோ ஒண்ணு. அதுங்களாவது ஜோடியா வருதே!"

நானும் சிரிப்பேன். அவர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. வேலை மாற்றலாகி, தங்கையையும் கூட்டிக்கொண்டு வெளியூர் போக இருந்தார். அம்மா போனபின் எனக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள்.

எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வலசை வரும் உள்ளான்கள் தண்ணீர் வற்றும்போது சேற்றில் இரை தேடும். தண்ணீர் ஏறினால், மிஞ்சிய மணல் திட்டில் நெருக்கியடித்து நின்று தூங்கும். கடல் தாண்டி வந்த உயிர்கள். கிளப்பிவிட்டால் மிச்சமிருக்கிற தெம்பும் போய்விடும். அந்த நேரத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மாப்பிள்ளைக்கு இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

அன்று சேற்றில் மேய்ந்த ஒரு பறவையின் காலில் ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டிய வளையம் தெரிந்தது. "கிட்டப் போய் என்ன நிறம்னு பாருங்களேன், தரை கெட்டிதான்" என்றேன். சேற்றில் இறங்கும்போது நாங்கள் காலில் பலகை கட்டிக்கொள்வோம். அது வண்டியிலேயே இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

பாதி தூரத்தில் முழங்கால்வரை புதைந்தார், பிறகு இடுப்புவரை. தண்ணீர் ஏறத் தொடங்கியது. உள்ளான்கள் திட்டில் கூடிவிட்டன. நான் மறைவுக்குக் கட்டிய ஓலைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் கயிறு இருந்தது. நம்பமாட்டீர்கள், அவர் கூப்பிடவே இல்லை. கையை மட்டும் ஆட்டினார். சொன்னதைக் கேட்கிற மனிதர், பாவம். அதை நினைத்தால்தான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. பொறுங்கள் என்று நானும் கை காட்டினேன்.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோதுதான் வாயைத் திறந்தார். "மச்சான், முடியல. வாங்க மச்சான்."

நான் எழுந்து ஓடினால் பறவைகள் கலைந்துவிடும். ஒரு ஆளைப் பார்ப்பதா, அத்தனை உயிர்களைப் பார்ப்பதா? தங்கையிடமும் இதைத்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

பறவைகள் எவ்வளவு நேரம் அங்கே நின்றன என்று கேட்கிறீர்கள். நிற்கவில்லை, ஐயா. அவர் முதல் தடவை கத்தியதுமே மொத்தக் கூட்டமும் எழும்பிக் கடல் பக்கம் போய்விட்டது. திட்டு காலி. அதன்பிறகும் அவர் வெகுநேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். பறவைகள் திரும்பி வந்தாலும் வரும் அல்லவா?