சந்தைத் திடலில் நடந்த கூட்டம்

...சட்டம் வேணும்னு கேக்கறோம். கேக்கத்தான் வேணும். கட்சிக்கு யார் பணம் குடுத்தான்னு ஊருக்குத் தெரியணும், மன்றக் கூட்டம் மக்கள் கண்ணு முன்னால நடக்கணும். இதைத்தான் நானும் மேடை மேடையாப் பேசிட்டு வர்றேன். ஆனா இன்னைக்கு அதுக்கு மேல ஒண்ணு சொல்லணும். அதை நேராச் சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். அதனால சின்னதா ஒரு கதையாச் சொல்றேன், கேளுங்க.

கூவலப்பட்டின்னு ஒரு பேரூராட்சி. அங்க அழகுநாச்சின்னு ஒரு அம்மா, தையல் கடை வச்சிருந்தாங்க. பேரூராட்சித் தலைவரை ஜனங்களே நேரா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த காலம் அது. இந்த அம்மா சுயேச்சையா நின்னாங்க. வீடு வீடாப் போய் என்ன சொன்னாங்க தெரியுமா?

"ஓட்டுக்கு நான் எதுவும் தர மாட்டேன். ஆனா ஜெயிச்சா, மன்றக் கூட்டத்தை அந்தப் பூட்டுன ரூமுக்குள்ள நடத்த மாட்டேன். சந்தைத் திடல்ல நடத்துவேன். நீங்க வந்து உக்காருங்க, கேள்வி கேளுங்க."

ஊரே அசந்து போச்சு. ஜெயிக்க வச்சிட்டாங்க!

சொன்ன மாதிரியே முதல் கூட்டம் திடல்ல நடந்துச்சு. பந்தல் போட்டு, மைக் கட்டி... நிக்க இடமில்ல. பவளக்கொடின்னு ஒரு அம்மா எந்திரிச்சு, "எங்க தெருவுக்குக் குழாய் போட்டாச்சுன்னு வாசிக்கிறீங்களே, எங்கய்யா அந்தக் குழாய்? காட்டுங்க, குடத்தோட வர்றேன்!"ன்னு கேட்டுச்சு. திடலே சிரிச்சுது. குழாய் போட்டதாச் சொன்ன கவுன்சிலர் சௌந்தரபாண்டி மட்டும் சிரிக்கல. அவரு மச்சான்தானே காண்ட்ராக்டர்!

மறு வாரமே அந்தத் தெருவுக்குக் குழாய் வந்துச்சு.

சௌந்தரபாண்டி தலைவரம்மாகிட்ட வந்தாரு. "ஏம்மா, இத்தனை பேரை வச்சுக்கிட்டு எப்படிப் பேசறது?"

"மறைச்சுப் பேசற மாதிரி என்னண்ணே பேசப் போறீங்க?"

அவரு சண்டைக்குப் போகல. என்ன பண்ணாரு? பொறுத்திருந்தாரு... அவ்வளவுதான். அவருக்கு ஜனங்களைத் தெரியும்.

ரெண்டாவது கூட்டத்துக்கும் கூட்டம் வந்துச்சு. அடுத்ததுக்குப் பாதி. அப்புறம், வெயில்னாங்க... கல்யாணம்னாங்க... டி.வி.ல கிரிக்கெட்னாங்க. "அதான் நாச்சி இருக்கே, நாம எதுக்கு?"ன்னாங்க. மெல்ல மெல்ல, பந்தலுக்குக் கீழ நாற்காலி மட்டும்தான் உக்காந்திருந்துச்சு.

அப்பத்தான் ஒரு தீர்மானம் வந்துச்சு. ஊருக்குக் கிழக்க, கண்மாய்க் கரையை ஒட்டின புறம்போக்குல, ஆஸ்பத்திரிக் கழிவையெல்லாம் கொண்டாந்து எரிக்கிற ஆலை. தடையில்லைன்னு மன்றம் சொல்லணும்.

அழகுநாச்சி பதறிட்டாங்க. ஆட்டோவுல மைக் கட்டித் தெருத் தெருவா அவங்களே போனாங்க. "வாங்க, தயவுசெஞ்சு வாங்க, இந்த ஒரு தடவை வந்துருங்க"ன்னு தொண்டை கட்டுற வரைக்கும் கத்துனாங்க. வாசல்ல நின்னு கேட்டாங்க ஜனங்க. கேட்டுட்டு... உள்ள போயிட்டாங்க.

அன்னைக்குத் திடல்ல யாருமில்ல. கவுன்சிலருங்க மட்டும் வந்து உக்காந்தாங்க. அழகுநாச்சி தெருப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்காங்க. சௌந்தரபாண்டி ரொம்ப மரியாதையா எந்திரிச்சாரு.

"யாரையும் வரக்கூடாதுன்னு நாங்க சொல்லலையேம்மா. நீங்களே கூப்பிட்டீங்க. வரல. அப்ப அவங்களுக்குச் சம்மதம்தானே?"

கை தூக்கச் சொன்னாங்க. எதிர்த்துத் தூக்குன கை ஒண்ணே ஒண்ணு. அந்த அம்மாவோடது. தீர்மானம் நிறைவேறிப் போச்சு.

ஆலை வந்துச்சு. புகை வந்துச்சு. காயப் போட்ட துணியில கருப்புத் தூசி. பவளக்கொடியோட பேத்தி, தவழ்ற குழந்தை அது, மூச்சிழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமா அலையுது. ஒரு நாள் காலையில அந்தக் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு பவளக்கொடி தையல் கடை வாசல்ல வந்து நின்னுச்சு. பின்னாடி தெருவே நிக்குது.

"உன்னை நம்பித்தானே ஓட்டுப் போட்டோம்! எல்லாம் நீ பாத்துக்குவேன்னுதானே நாங்க வீட்டுல இருந்தோம்!"

அழகுநாச்சிக்குக் கோவம் வரல. அழுகைதான் வந்துச்சு. குழந்தையோட முதுகைத் தடவிக்கிட்டே சொன்னாங்க:

"நான் பாத்துக்கறேன்னு சொல்லவே இல்லையேக்கா... நீங்க பாருங்கன்னுதானே சொன்னேன்."

பவளக்கொடி திரும்பிப் போயிருச்சு.

அடுத்த தேர்தல்ல அழகுநாச்சி தோத்தாங்க. யாருகிட்ட? சௌந்தரபாண்டிகிட்ட! பொறுப்பேத்த அன்னைக்கே அவரு கூட்டத்தைப் பழைய ரூமுக்குள்ள கொண்டு போயிட்டாரு. ஊருல ஒரு ஆள்... ஒரே ஒரு ஆள்கூட ஏன்னு கேக்கல. அழகுநாச்சி அதுக்கப்புறம் எந்தத் தேர்தல்லயும் நிக்கல. ஆலை இன்னும் எரியுது.

என் அன்பான பெரியோர்களே, தாய்மார்களே... இந்தக் கதையில கெட்டவன் யாரு? சௌந்தரபாண்டியா? சந்தேகமே இல்ல. ஆனா அவனுக்கு ஊரை எழுதிக் குடுத்தது யாரு? நாளைக்கே நாம கேக்கற சட்டமெல்லாம் வந்துருச்சுன்னு வைங்க. எல்லாக் கணக்கும் வெளியில, எல்லாக் கூட்டமும் வெளியில. பாக்கறதுக்கு ஆள் வேணுமே! வெளிப்படையா நடந்தாலும், பாக்க ஆளில்லாட்டி அது மறைவுதான். ஒரு நாள் ஓட்டைப் போட்டுட்டு அஞ்சு வருஷம் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா, எந்த நல்லவனை நீங்க அனுப்புனாலும் அவன் தனியாத்தான் நிப்பான்.

போன கிராம சபைக்கு இங்க உக்காந்திருக்கிறதுல எத்தனை பேரு போனீங்க? கை தூக்குங்க பாப்போம்...

...

சரி. தூக்குன அந்த ஒண்ணு ரெண்டு பேரும் இறக்கிக்கங்க.