கிணற்றடிக் கம்பி

வீட்டுக்குப் பின்னால் கம்பி இழுத்துக் கட்டினால் அக்கம்பக்கத்தார் துணி காயப்போட்டுவிடுவார்கள், ஐயா. எனக்கு முதலில் வந்த தொல்லை அதுதான்.

காஜா பெராங்கில் பன்னிரண்டு வருஷமாக ரேடியோ பழுதுபார்க்கிறேன். முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் கிணறு. என் மனைவி கமலவேணிக்கு வலிப்பு. நெருப்பு, தண்ணீர் பக்கம் தனியாக விடாதே என்றார் டாக்டர். அவளோ குளிக்க, துவைக்க, சும்மா நிற்கக்கூடக் கிணற்றடிக்குத்தான் போவாள். எட்டு வருஷம் அவள் பின்னாலேயே ஓடினேன். எனக்கு அலுத்துவிட்டது.

பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து ஒரு கருவியைச் செய்தேன். கிணற்றைச் சுற்றிய கம்பியை ஆள் நெருங்கினால் கடையில் விசில் கேட்கும். நெருங்க நெருங்கக் கீச்சென்று ஏறும். நிற்பது நாலடியிலா, இரண்டடியிலா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். தெருவே வந்து பார்த்தது.

அதுதான் இருக்கிறதே என்று, துணைக்கு இருந்த என் தங்கை மல்லிகாவைப் பத்து பெரெண்டாம் ஊரில் உள்ள அவள் புருஷன் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். கிணற்றின் பலகை மூடி ஈரத்தில் ஊறி, சத்தத்தைத் தடுமாற வைத்தது. அதையும் எடுத்துவிட்டேன்.

“மூடிய ஏன் எடுக்கிற சுப்பையா, அது ஒண்ணு இருந்தாலே போதாதா?” என்று கேட்டார் பக்கத்து வீட்டு சாரதாம்பாள் அக்கா. நியாயமான கேள்விதான்.

போன சனிக்கிழமை, மெர்டேக்கா சுதந்திர நாளன்று, தெருவில் ஆளே இல்லை. எல்லாரும் திடலுக்குப் போயிருந்தார்கள்.

“நாமளும் போவோங்க. ஓரமா நின்னு கொடிய மட்டும் பாத்துட்டு வந்துருவோம்லா” என்றாள் கமலவேணி.

கூட்டத்தில் விழுந்தால் யார் தூக்குவது என்றேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

விசில் எழுந்தது. நாலடி. மூன்றடி. இரண்டடியில் சத்தம் நடுங்க ஆரம்பித்தது. வலிப்பில் உடம்பு உதறும்போது அப்படித்தான் நடுங்கும். முன்பு வீட்டுக்குள் அவள் விழுந்தபோது பக்கத்தில் கம்பியைப் பிடித்துச் சோதித்திருக்கிறேன்.

ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். எழ வேண்டும் என்று தெரிந்தது, கால் வரவில்லை. வரவழைக்க முயன்றேன் என்றும் சொல்ல முடியாது. கம்பியருகே ஆளே இல்லாத பழைய நிலைக்குச் சத்தம் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு கருவியை அணைத்தேன்.

கருவி கெட்டுப்போய் நடந்த விபத்து என்று சாரதாம்பாள் அக்கா ஊரெல்லாம் சொல்கிறார். அதனால்தான் நானே இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். என் வேலையில் ஒரு பழுதும் இல்லை என்று தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.