செவலை தின்ற சோறு

பலாப்பழத் தோல் என்றால் வெள்ளாட்டுக்கு உயிர், மேடம். சீசன் வந்துவிட்டால் எங்கள் திண்ணனூர் நாட்டுப் பக்கம் ஆட்டுத் தீனிக்கு அலைய வேண்டியதில்லை. அப்படி இருந்தும் ஒருநாள் எங்கள் ஆடு மரவள்ளிக் காட்டில் வாய் வைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் முரளி அதைக் கட்டிப்போட்டு, மண்வெட்டிக் காம்பால் முன்னங்காலை ஒடித்தார். கோபத்தில் செய்திருந்தால் மறந்திருப்பேன். அவர் முகத்தில் கோபமே இல்லை.

பதினைந்து நாள் கழித்து, குழம்பில் உப்புக் கூடியதற்காக என் கை ஒடிந்தது. அதே காம்புதான்.

அதற்குப் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். கோழிமேல் கொதிதண்ணீர் ஊற்றினார். அடுத்த மாதம் என் முதுகு வெந்தது. பூனையைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி அமுக்கி எடுத்த வாரமே என் தலையையும் அமுக்கினார். எதுவும் முதலில் வாயில்லாததுக்கு நடக்கும், அப்புறம் எனக்கு.

சோளக்காட்டில் பழக்கடை வைத்திருக்கும் என் அண்ணன் சென்றாயனிடம் என் மகள் யமுனாவைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். "ஆட்ட அடிக்காத குடியானவன் எவன் இருக்கறான்? அனுசரிச்சுப் போ கண்ணு" என்று திரும்பவும் பஸ் ஏற்றிவிட்டார். ஸ்டேஷனுக்கும் ஒருமுறை வந்தேன். ஆட்டுக்காலுக்கு யாராவது கேஸ் போடுவார்களா என்று சிரித்தார்கள். நீங்கள் அன்றைக்கு இல்லை.

போன செவ்வாய்க்கிழமை, எங்கள் நாய் செவலை போட்ட ஒரே குட்டியின் கழுத்தில் கயிறு கட்டி, மிளகுக்கொடி ஏறிய மரத்தில் தொங்கவிட்டார். ஒன்பது வயது மகளைப் பக்கத்தில் நிற்க வைத்தார்.

"எறக்கி உடுங்கப்பா" என்றாள் யமுனா.

"நல்லாப் பாத்துக்க சாமி" என்றார். அவ்வளவு அன்பான குரல்.

அடுத்தது எனக்கில்லை என்று அப்போது தெரிந்துவிட்டது.

மிளகுக்கு அடிக்கிற பூச்சிமருந்து பரணில் இருந்தது. எவ்வளவு போட வேண்டும் என்று தெரியவில்லை. குறைத்துப் போட்டு அவர் பிழைத்துக்கொண்டால் என் பிள்ளை மிஞ்சமாட்டாள். அதனால் சாமைச்சோற்றில் பிசைந்து செவலையைக் கூப்பிட்டேன். குட்டியைப் பறிகொடுத்ததிலிருந்து அது எதையும் தின்னாமல் கிடந்தது. என் கையில் இருந்ததால் வாலை ஆட்டிக்கொண்டு தின்றது. முழுசாக அடங்கும்வரை உட்கார்ந்து பார்த்தேன். செல்போனில் நேரம் குறித்துக்கொண்டேன். அழுகை வரவில்லை.

நேற்று மத்தியானம் அவருக்குப் பரிமாறினேன். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார், ஊற்றினேன்.

எல்லாம் நான் ஒருத்தி செய்ததுதான். யமுனா கை வைக்கவில்லை. செவலை தின்னும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, கண்ணை மூடாமல் பார் என்று சொன்னது மட்டும் உண்மை. அவர் அவளைப் பயமுறுத்துவதற்காகப் பார்க்க வைத்தார். நான் பயம் தெளியட்டும் என்றுதான். அந்த வித்தியாசத்தை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.