முகூர்த்தப் பட்டுக்குப் பக்கத்துக் கடை

சுகுணா: இந்த லேப்டாப்பைத் தூக்கிப் பாருங்களேன்... ஒரு கையில தூக்கிடலாம்.

ஹரீஷ்: நீ ரெண்டு கையாலயும் புடி. ஏன் வாசலையே பாக்கற?

சுகுணா: பாக்காம? ஜாக்கெட் துணி மேட்ச்சிங் பாக்கப் போறேன்னு உங்கம்மாகிட்ட பொய் சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க என்ன சொன்னீங்க?

ஹரீஷ்: வண்டி நிறுத்தின எடம் சரியில்ல, மாத்தி நிறுத்திட்டு வர்றேன்னு...

சுகுணா: அதையேதான காலையிலயும் சொன்னீங்க?

ஹரீஷ்: அது டீ குடிக்கப் போனதுக்கு.

சுகுணா: ஐயோ! ஒரு பொய்யாவது புதுசா சொல்லக் கூடாதா?

ஹரீஷ்: பக்கத்துக் கடையில நம்ம ஜனம் பத்துப் பேரு உக்காந்து முகூர்த்தப் பட்டு பிரிச்சுப் பாக்குது. கல்யாணப் பொண்ணு இங்க லேப்டாப் தட்டிப் பாக்குது. ஓசூர்லயே இது மொத தடவையா இருக்கும்.

சுகுணா: சிரிக்காதீங்க. நிச்சயத்தன்னைக்கு உங்க பெரியப்பா சபையில என்ன சொன்னாரு? "பொண்ணு படிப்பெல்லாம் கல்யாணத்தோட போதும்"னாரு. உங்கம்மா பக்கத்துலதான் இருந்தாங்க. ஒரு வார்த்தை பேசல.

ஹரீஷ்: நான்தான் எந்திரிச்சேனே...

சுகுணா: எந்திரிச்சீங்க. உங்கம்மா மொறைச்சாங்க. உக்காந்துட்டீங்க.

ஹரீஷ்: அதுக்குத்தான இன்னைக்கு உன்கூட வந்திருக்கேன்.

சுகுணா: பி.சி.ஏ. முடிக்க இன்னும் ஒரு வருஷம். இத்தனை நாளா கம்பெனி பஸ்ல, இத்துனூண்டு போன்ல படிச்சேன். கடைசி வருஷம் ப்ராஜெக்ட். அதைப் போன்ல பண்ண முடியாது. தாலி ஏறுறதுக்கு முன்னாடி இது என் கையில இருக்கணும். அப்புறம்னா உங்க வீட்டுல ஒவ்வொருத்தர்கிட்டயா சம்மதம் வாங்கணும்.

ஹரீஷ்: சரி, சரி... மெமரி, ராம் எட்டு ஜி.பி.ன்னு போட்டிருக்கான். போதுமா?

சுகுணா: இப்போதைக்குப் போதும். பின்னாடி இன்னொண்ணு சேத்துக்க எடம் இருக்கான்னு பாருங்க. ஹார்ட் டிஸ்க் பழைய மாடல் வேணாம், எஸ்.எஸ்.டி.தான்.

ஹரீஷ்: அந்தா, கீபோர்டுல செகப்பு லைட் எரியுதே, அது?

சுகுணா: அது கேம் வெளையாடறவங்களுக்கு. லைட்டுக்குன்னே பத்தாயிரம் சேத்து வாங்கறான். நமக்கு ப்ரோக்ராம் எழுத, வீடியோ கிளாஸ் பாக்க...

ஹரீஷ்: ஞாயித்துக்கெழம நான் கிரிக்கெட் பாக்க...

சுகுணா: அதுக்கு டிவி இருக்குது.

ஹரீஷ்: இன்னும் பில்லே போடல, அதுக்குள்ள... ஏய், திரும்பாத! அம்மா கண்ணாடிக் கதவுகிட்ட நிக்குது.

சுகுணா: எங்கம்மாவா, உங்கம்மாவா?

ஹரீஷ்: எங்கம்மா! உள்ள வந்துட்டாங்க...

வெங்கடம்மாள்: ஏன்டா, வண்டியை இதுக்குள்ளயா நிறுத்தியிருக்க?

ஹரீஷ்: அது... அம்மா...

வெங்கடம்மாள்: ஏம்மா சுகுணா, ஜாக்கெட் துணி இங்க விக்கறாங்களா?

சுகுணா: இல்லீங்க அத்தை... இவருக்குத்தான்... கம்பெனி வேலைக்கு...

ஹரீஷ்: ஆமாம்மா, எனக்குத்தான்! இனிமே வேலையெல்லாம் வீட்டுல இருந்தே அனுப்பணும்னு சொல்றாங்க.

வெங்கடம்மாள்: நீ மிசின்ல நின்னு போல்ட்டு முடுக்கறவன். அதை எப்புடிடா வீட்டுல இருந்து அனுப்புவ?

ஹரீஷ்: இப்ப எல்லாமே ஆன்லைன்மா...

வெங்கடம்மாள்: போல்ட்டுமா? சரி வுடு. இதுல சார்ஜ் எவ்ளோ நேரம் நிக்கும்? நம்ம ஊரு தளியில நாலு தூத்தல் போட்டா கரண்டு போயிடுது.

சுகுணா: எட்டு மணி நேரம்னு போட்டிருக்குதுங்க அத்தை.

வெங்கடம்மாள்: அதுல பாதின்னு வெச்சுக்க. தினம் மார்க்கெட்டுல ரோஜா விக்கறவ நான். "ரெண்டு நாளைக்கு வாடாது"ன்னு எத்தனை பேருகிட்ட சொல்லியிருப்பேன்! பையில போட்டு பஸ்ல தூக்கிட்டுப் போனா தோள் வலிக்குமா?

ஹரீஷ்: நான் பைக்குலதானம்மா போறேன்...

வெங்கடம்மாள்: உன்னையா கேட்டேன்?

ஹரீஷ்: பின்ன யாரை...

வெங்கடம்மாள்: இந்த ஸ்டிக்கர்ல என்னம்மா எழுதியிருக்குது?

சுகுணா: பன்னெண்டாவது ஜெனரேஷன்னுங்க.

வெங்கடம்மாள்: அப்புடின்னா?

ஹரீஷ்: தலைமுறைம்மா. பன்னெண்டாவது தலைமுறை.

வெங்கடம்மாள்: அடேங்கப்பா, பன்னெண்டா! அது நமக்கு எப்புடி ஒத்து வரும்? மொத தலைமுறைக்குன்னு தனியா இருக்கான்னு கேளு.

ஹரீஷ்: எதுக்கும்மா?

வெங்கடம்மாள்: மொத தலைமுறை பட்டதாரின்னு சொல்றாங்கள்ல, அதுக்குத்தான்டா! ரெண்டு வீட்டுலயும் சேத்து இவதான மொதல்ல டிகிரி வாங்கப் போறா...

ஹரீஷ்: அம்மா... யாரு வாங்கப் போறா?

வெங்கடம்மாள்: யாரு... இந்தப் பையோட வெலை என்னன்னு கேளுடா.

ஹரீஷ்: மாட்டிக்கிட்டியாம்மா!

சுகுணா: அத்தை... இது இவருக்குன்னுதான சொன்னோம்?

வெங்கடம்மாள்: சொன்னீங்க. நான் நம்பினேன்னு சொன்னனா? பொய் சொல்லக்கூடத் தெரியல, ரெண்டுக்கும். இவன் காலையில டீ குடிக்கப் போனப்பவும் அதே வண்டிதான்.

சுகுணா: கோவமாங்க அத்தை? இது என் போனஸ் காசுதான்... வேற யாரையும் கேக்கல...

வெங்கடம்மாள்: நீ சம்பாதிச்சது, நீயே வாங்கு. கல்யாணத்தன்னைக்கு சபையில தட்டு வெப்போம்ல, பட்டுப்பொடவை தட்டு... அந்தப் பட்டு மேல இதை வெக்கறது என் பொறுப்பு.

ஹரீஷ்: சபையிலயா? பெரியப்பா முன்னாடியா?

வெங்கடம்மாள்: தட்டை அவரு கையிலயே குடுத்து எடுத்து வரச் சொல்றேன். கடைக்காரரு எங்க? ஏனப்பா... ஸ்வல்ப கம்மி மாடு!

ஹரீஷ்: கொஞ்சம் கொறைக்கச் சொல்லி கன்னடத்துல எறங்கியாச்சு. சுகுணா, வெலையும் எறங்கிடும், பாரேன்.

வெங்கடம்மாள்: ரெண்டாயிரம் கொறைக்கறானாம். பையும் சும்மா தர்றானாம். எடுத்துக்கம்மா. ஏன் கண்ணு தொடைக்கற?

சுகுணா: ஒண்ணுமில்லீங்க... இவ்ளோ மனசுல வெச்சுக்கிட்டு, அன்னைக்கு ஏங்க அத்தை பேசாம இருந்தீங்க? நாலு ராத்திரி நான் தூங்கல, தெரியுமா?

வெங்கடம்மாள்: வைகாசி பன்னெண்டுன்னு குறிச்ச முகூர்த்தம் இருபத்தெட்டுக்குப் போச்சே, அது ஏன்னு நெனைக்கற?

சுகுணா: நட்சத்திரம் ஒத்து வரலன்னு ஜோசியரு சொன்னதா...

வெங்கடம்மாள்: எந்த ஜோசியரு? அந்த வாரம் பூரா உனக்குப் பரீட்சை. நிச்சயத்துக்கு முந்தின நாளே உங்கம்மா எங்கிட்ட சொல்லிட்டா. சபையில நான் உன் படிப்புக்குப் பரிஞ்சு பேசியிருந்தா, தேதியைத் தள்ளும்போது பெரியப்பா மோப்பம் புடிச்சிருப்பாரு. அதான் வாயை மூடிக்கிட்டு இருந்து, பழியை நட்சத்திரத்து மேல போட்டேன்... நல்லா எழுதிட்டு, நிதானமா வந்து தாலி கட்டிக்க.