சித்தியின் இடது கட்டைவிரல்

டிரங்குப் பெட்டி வாங்க வருகிறவர்கள் மூடியைத்தான் தட்டிப் பார்ப்பார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா, கீலைப் பார்க்கமாட்டார்கள். ஆவடியில் இருபது வருடமாகப் பெட்டி விற்கிறேன். பேரத்தில் என்னை மடக்கிய ஒரே ஆள் என் சித்தி பூங்காவனம்.

சித்தப்பா ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து இறந்தவர். பிள்ளை கிடையாது. பட்டாபிராமில் ஒரு வீடு. எப்படியும் எனக்கு வரவேண்டியது. கொஞ்சம் முன்னதாக எடுத்துக்கொண்டேன். தொண்ணூற்று நான்கில், சித்தி எனக்கு வீட்டைத் தானமாகக் கொடுத்ததாகப் பத்திரம் பதிவானது. சித்தி என்று சொல்லி ரேகை வைத்தது ரயில்வே ஸ்டேஷன் வாசலில் கீரை விற்கும் ஒரு கிழவி. அவளுக்குச் சுங்குடிப் புடவை எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டு வரி ரசீது என் பெயரில் வர, எதிர்வீட்டு சாராள் டீச்சர் அதைப் படித்துச் சொல்லிவிட்டார். சித்தி வழக்குப் போட்டாள். திங்கட்கிழமை நேரில் வந்து இடது கட்டைவிரல் ரேகை வைக்கட்டும், பத்திரத்தோடு ஒப்பிடலாம் என்றார் நீதிபதி.

ஞாயிறு மதியம் சமாதானம் பேசப் போனேன். அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"கேஸை வாபஸ் வாங்கு சித்தி. சாவுற வரிக்கும் இங்கியே இரு."

"என் ஊட்ல நான் இருக்க நீ இன்னாடா பர்மிசன் குடுக்கிறது? பொட்டி விக்கிறவனுக்கு ஊடு எதுக்கு? ஒரு பொட்டில காலை மடக்கிகினு படுத்துக்கோயேன்."

எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு கட்டைவிரலை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "நாளைக்கு இது பேசும்டா, கஜா."

பத்து விரலில் ஒன்று; அதற்கு மேல் நான் கேட்கவில்லை. தகடு வெட்டும் கத்திரி பையில் இருந்தது. தகரத்துக்குக் கொடுக்கும் அழுத்தத்தில் பாதிகூடத் தேவைப்படவில்லை. எலும்பு வந்த இடத்தில் மட்டும் ஒருமுறை மாற்றிப் பிடித்தேன். கத்தினாள். ஞாயிற்றுக்கிழமை, அக்கம்பக்கத்தார் வீட்டில் இருப்பார்கள். தலையணையை முகத்தில் வைத்து, கால்கள் உதைப்பது நிற்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தேன். குழம்பு தீய்ந்துவிடக்கூடாதே என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். விரலை ஏரியில் போட்டேன்.

விரல் இல்லையென்றால் ஒப்பிட எதுவும் இருக்காது என்று நினைத்தேன். நீங்கள் சொன்ன பிறகுதான் உறைத்தது. குடும்ப பென்ஷன் வாங்குகிறவர்கள் நவம்பர்தோறும், உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாக ரேகை வைத்துக் கொடுக்கவேண்டும். சித்தியின் ஒன்பது வருடத்து ரேகையும் பென்ஷன் ஆபீஸ் பைலில் இருக்கிறது. ஒன்பது வருடமும் அவள் கையைப் பிடித்து, மை தடவி, காகிதத்தில் அழுத்தியது நான்தான்.

இனி அந்த அலைச்சல் அவளுக்கு இல்லை. வரிசையில் நிற்க முழங்கால் தாங்காமல் அவள் பட்ட பாட்டைக் கூடவே நின்று பார்த்தவன் நான். மற்ற சொந்தக்காரர்களில் யாருக்கு அந்த அக்கறை இருந்தது, சொல்லுங்கள்.