கயிறு பிடிக்கிறவன்

அமீரகத்தில், கொர்ஃபக்கான் சைட் வேலையை விட்டுவிட்டு, பையோடு புஜைராவை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். கால் வலித்ததால் பாதி வழியில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு தூத்துக்குடிக்காரர்கள். கப்பலின் அடியைச் சுரண்ட முங்குகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"தண்ணிக்குள்ள போயும் நனையக் கூடாதுன்னா, அது என்னல முங்கலு?" என்றார் மூத்தவர்.

"குளிர்காலத்துல நாலு மணி நேரம் அடியில கெடந்தா வெறச்சிருவியண்ணே. டிரை சூட் போட்டுத்தான் ஆகணும். ஸ்டோர்ல ரெண்டு இருக்கு."

"எது தேவல?"

"ஒண்ணு ஒங்க அளவு. ஆனா கழுத்து ரப்பர் கிழிஞ்சிருக்கு, தண்ணி ஏறும். இன்னொண்ணு ரொம்பப் பெருசு. உள்ள இருக்க காத்து காலுக்குப் போயிட்டா தலைகீழா நிப்பிய."

"நின்னா?"

"மேல கயிறு பிடிக்கிறவன் இழுக்கணும்."

"அப்பம் பெருசே போதும். நீ இழு."

"நான் நாளைக்கு லீவுல ஊருக்குப் போறேம்லா. வேற ஆளு தேடுதாங்க."

"கெடைக்கலைன்னா?"

"கிழிஞ்சதைப் போட்டுக்கிட்டு நடுங்குங்க."

துறைமுக கேட்டில் இருவரும் இறங்கினார்கள்.

மறுநாள் காலை அதே கேட்டில் போய் நின்றேன். நீச்சல் தெரியுமா என்று ஃபோர்மேன் கேட்டார். தெரியாது என்றேன். கயிற்றை விடாமல் இருந்தால் போதும் என்று சொல்லி, ஒரு ஜோடி கையுறை கொடுத்தார்.